முதுமையில் நியூரோபெப்டைடு நரம்பணுக்கள்: அழிந்தனவா, அடங்கினவா என்று கண்டறியும் முறை

மூளையின் ஒரு பகுதியில் குறிப்பிட்ட ஒரு நியூரோபெப்டைடை (நரம்பணுக்கள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் சிறு புரதத் துண்டை) கொண்ட நரம்பணுக்கள் இளம் எலியில் இவ்வளவு இருந்தன, முதிய எலியில் அதைவிடக் குறைந்தன என்று ஓர் அட்டவணை கைக்கு வந்ததும், வயது ஏற ஏற இந்த நரம்பணுக்கள் மடிகின்றன என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் சாயம் ஏற்ற செல்கள் குறைந்தன என்பதை மட்டுமே அந்த அட்டவணை சொல்கிறது. செல் மடிந்திருக்கலாம், உயிருடன் இருந்துகொண்டு பெப்டைடு தயாரிப்பதை மட்டும் நிறுத்தியிருக்கலாம், தயாரித்ததைத் தேக்கி வைக்காமல் உடனுக்குடன் அனுப்பிக்கொண்டும் இருக்கலாம். இந்த மூன்றையும் பிரித்தறிய ஓர் ஆய்வை எப்படித் திட்டமிடுவது, எப்படிச் சாயமேற்றுவது, எப்படி எண்ணுவது, எண்ணிய பிறகு முடிவை எந்தச் சோதனைகளால் உரைத்துப் பார்ப்பது என்பதை, முதுகலை மாணவர்களையும் ஆய்வில் புதிதாக நுழைபவர்களையும் மனத்தில் வைத்து இங்கே விளக்குகிறேன். பிறருடைய ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து எடைபோட வேண்டியவர்களுக்கும் இந்த வழிமுறை பயன்படும்.

முதலில் இந்த நரம்பணுக்களின் வேலைமுறையைத் தெளிவாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் ஒவ்வொரு முடிவும் இதில்தான் நிற்கிறது. வாசோபிரசின் 9 அமினோ அமிலங்களால் ஆனது, சப்ஸ்டன்ஸ் பி 11, நியூரோபெப்டைடு ஒய் 36. இவை யாவும் செல்லின் உடலில், மரபணுவின் ஆணைப்படி, முதலில் நீண்ட முன்னோடிப் புரதமாக உருவாகி, பிறகு துண்டுபட்டு, ஏறத்தாழ 100 நானோமீட்டர் விட்டமுள்ள அடர்ந்த பைகளில் அடைபட்டு, நரம்பிழை வழியாக முனைக்குப் பயணிக்கின்றன. குளூட்டமேட் போன்ற சிறு கடத்திகளை நரம்பு முனையும் அருகிலுள்ள துணைச் செல்களும் உறிஞ்சி மீண்டும் பயன்படுத்திக்கொள்ள முடியும். பெப்டைடுக்கு அந்த வசதி இல்லை. வெளியேறியது வெளியேறியதுதான், அதன் இடத்தை நிரப்பப் புதிதாகத் தயாரித்தே ஆக வேண்டும். எனவே செல்லின் உடலில் நாம் சாயமேற்றிக் காண்பது, தயாரிப்புக்கும் அனுப்புதலுக்கும் இடையே அந்தக் கணத்தில் மிஞ்சிய இருப்பை மட்டுமே. கடையின் அலமாரி காலியாக இருப்பதற்குக் கடை மூடப்பட்டதும் காரணமாகலாம், வியாபாரம் மும்முரமாக நடப்பதும் காரணமாகலாம்.

எந்தக் கருவிலிருந்து தொடங்குவது

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூன்றாம் மூளையறையின் இருபுறமும் அமைந்திருக்கும் சுப்ராகையாஸ்மேட்டிக் கருவை (கரு என்பது இங்கே மூளைக்குள் நரம்பணுக்கள் நெருங்கிக் கூட்டமாக அமைந்த இடம்). உடலின் நாள் கடிகாரம் இதுவே. எலியில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 10,000 நரம்பணுக்கள்தான். எல்லை ஓரளவு தெளிவானது. மேல்-உட்புறத்தில் வாசோபிரசின் செல்களும், கீழ்ப்புறத்தில் வி.ஐ.பி. எனப்படும் பெப்டைடைக் கொண்ட செல்களும் தனித்தனியே தொகுதியாக அமைந்திருப்பதால் சாயமேற்றலின் தரத்தை உடனே கண்டுகொள்ளலாம்.

இந்தக் கருவைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் பேசும் சிக்கல் முழுவதும் இதன் ஆய்வு வரலாற்றிலேயே அடங்கியிருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் டிக் ஸ்வாப் குழுவினர் 1985-இல், 80 வயதைக் கடந்த மனிதர்களின் மூளையில் இந்தக் கருவின் கன அளவும் செல் எண்ணிக்கையும் குறைவதையும், அல்சைமர் நோயாளிகளிடம் அந்தக் குறைவு இன்னும் கூடுவதையும் வெளியிட்டார்கள். 1987-இல் அதே வட்டாரத்திலிருந்து வந்த எலி ஆய்வில், முதிய எலிகளில் வாசோபிரசின் சாயம் ஏற்கும் செல்கள் குறைந்திருந்தபோதும் கருவின் மொத்தச் செல் எண்ணிக்கை குறையவில்லை. 1995-இல் வெட்டுகளைக் கொண்டு முப்பரிமாண அளவுகளைக் கணிக்கும் ஸ்டீரியாலஜி முறையின் முன்னோடியான குண்டர்சன் பங்கேற்ற ஆய்வொன்று, எலியில் இந்தக் கருவின் கன அளவு, செல் எண்ணிக்கை, செல் பருமன் ஆகிய மூன்றையும் வயது பாதிப்பதில்லை என்று கண்டது. அதே ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் குழு, கூண்டில் ஒளியின் அளவைக் கூட்டி வளர்த்த எலிகளில் வாசோபிரசின் செல்களின் வயதுசார் குறைவு தடுக்கப்பட்டதைக் காட்டியது. இவற்றை அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது, எலியில் நடந்தது சாவு என்பதைவிட அடக்கம் என்பதற்கே சான்று வலுவாக இருக்கிறது. முதல் ஆய்வோடு நின்றவர்கள் வேறு முடிவுக்கு வந்திருப்பார்கள்.

விலங்குகளும் வயதும்

3 மாத எலியையும் 24 மாத எலியையும் மட்டும் ஒப்பிட்டு முதுமையைப் பற்றிப் பேசக் கூடாது. 3 மாத எலி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் விலங்கு. அதற்கும் 24 மாதத்துக்கும் இடையிலான மாற்றத்தில் எது வளர்ச்சி முதிர்வது, எது முதுமை என்று பிரிக்க வழியே இல்லை. 6 மாதம், நடுவில் 12 முதல் 15 மாதம், இறுதியாக 24 மாதம் என்று குறைந்தது மூன்று கட்டங்களாவது வேண்டும். நடுவயதிலேயே குறைவு தொடங்கியிருந்தால் அதன் காரணத்தை இனப்பெருக்க ஹார்மோன்களில் தேட வேண்டியிருக்கும். கடைசிக் கட்டத்தில் மட்டும் குறைந்தால் வேறு திசையில் தேட வேண்டும்.

ஆண், பெண் விலங்குகளை ஒரே தொகுப்பாகக் கலந்துவிடக் கூடாது. மனித மூளையில் வி.ஐ.பி. செல்கள் ஆண்களிடம் 40 வயதுக்குப் பிறகு குறைந்ததாகவும் பெண்களிடம் அவ்வாறு காணப்படவில்லை என்றும் 1995-இல் வெளியான அறிக்கை, இரு பாலாரையும் கலந்து சராசரி எடுத்திருந்தால் தன் கண்டுபிடிப்பையே இழந்திருக்கும்.

முதிய எலி பெரும்பாலும் நோயுள்ள எலி என்பதையும் மறக்கக் கூடாது. ஃபிஷர் 344 என்ற ஆய்வக எலி வகையில் சிறுநீரகச் சிதைவும் பிட்யூட்டரிக் கட்டிகளும் வயதோடு பெருகும். சிறுநீரகம் நீரைத் தக்கவைக்க முடியாமல் போனால் வாசோபிரசின் செல்கள் அதை ஈடுகட்டக் கடுமையாக உழைக்கும். அந்த உழைப்பை முதுமையின் இயல்பான விளைவென்று எடுத்துக்கொண்டால் ஆய்வு வீண். ஆகவே ஒவ்வொரு விலங்கும் ஒரு நாளில் குடித்த நீர், கழித்த சிறுநீர் இரண்டையும் முன்கூட்டியே அளந்து, மூளையை எடுக்கும்போது பிட்யூட்டரியையும் சிறுநீரகத்தையும் கண்ணால் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். கட்டியுள்ள விலங்கை ஒதுக்குவதானால், அந்த விதியை எண்ணத் தொடங்குவதற்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். நிறமியற்ற வெள்ளை எலிகளின் விழித்திரை பிரகாசமான விளக்கில் கெடும் என்பதால், நாள் கடிகாரக் கருவைப் பார்ப்பவர்கள் கூண்டு அடுக்கின் மேல் தட்டில் வளர்ந்தவை எவை, கீழ்த் தட்டில் வளர்ந்தவை எவை என்பதையும் பதிவு செய்வது நல்லது. எல்லா விலங்குகளையும் நாளின் ஒரே நேரத்தில், விளக்கு எரியத் தொடங்கி இத்தனையாவது மணி என்ற கணக்கில், எடுக்க வேண்டும். காலையில் இளம் எலிகள், மாலையில் முதிய எலிகள் என்று பிரித்தால் கிடைப்பது வயதின் கணக்காகாது. நிறுவனத்தின் விலங்கு நெறிக் குழுவின் அனுமதியை 24 மாதக் காலத்துக்கும் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள்.

திசுவும் சாயமும்

திசுத் தயாரிப்பில் புதுமை எதுவும் தேவையில்லை. ஆழ்ந்த மயக்கத்தில் உப்புநீரும், தொடர்ந்து பாஸ்பேட் பஃபரில் கரைத்த 4 விழுக்காடு பாராஃபார்மால்டிஹைடும் இதயத்தின் வழியே செலுத்தி, மூளையை எடுத்து ஓரிரவு அதே கரைசலில் 4 டிகிரி செல்சியஸில் வைத்து, பிறகு 30 விழுக்காடு சர்க்கரைக் கரைசலில் அது மூழ்கும்வரை விட்டு, 40 மைக்ரோமீட்டர் தடிமனில் வெட்ட வேண்டும். முதிய விலங்கின் இரத்தக் குழாய்கள் விறைத்திருப்பதால் கரைசல் ஏறுவதில் தடை ஏற்படலாம். கல்லீரலின் நிறம் வெளிறாத விலங்கின் மூளையைச் சேர்த்துக்கொள்ளாமல் இருப்பதே மேல்.

பெப்டைடோடு ஒட்டிக்கொண்டு சாயம் ஏற வழிசெய்யும் புரதமான எதிர்ப்பொருளின் செறிவை நிர்ணயிக்கும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். வழக்கமாக இளம் விலங்கின் திசுவில் செறிவை மாற்றி மாற்றிப் பார்த்து, பின்னணி தெளிவாகவும் செல் கருமையாகவும் தெரியும் அளவில் நிறுத்திவிடுகிறோம். அந்த அளவில் குறைந்த பெப்டைடு உள்ள முதிய செல் கண்ணுக்கே படாமல் போகக்கூடும். எனவே செறிவை முதிய விலங்கின் திசுவில் நிர்ணயிக்க வேண்டும். இளம் திசுவில் சாயம் சற்றே கூடுதலாக ஏறினாலும் எண்ணிக்கைக்கு அதனால் கேடில்லை. எல்லா வயதுக் குழுக்களின் வெட்டுகளும் ஒரே நாளில், ஒரே கரைசலில், ஒரே நிமிடக் கணக்கில் சாயமேற்றப்பட வேண்டும். ஒரே தொகுதியில் முடிக்க இயலாவிட்டால் ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா வயதும் இடம்பெறுமாறு பிரித்துக்கொள்ளுங்கள். பெப்டைடோடு முன்கூட்டியே கலந்த எதிர்ப்பொருளால் சாயம் ஏறாமல் போவதைக் காட்டும் கட்டுப்பாட்டு வெட்டு ஒன்றும், முதல் எதிர்ப்பொருளே இல்லாத வெட்டு ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

முதிய மூளைக்கே உரிய ஒரு தொல்லை லிப்போஃபுசின். செல் செரிக்க முடியாமல் ஒதுக்கிய கொழுப்பும் புரதமும் சேர்ந்த இந்தத் துகள்கள் வயதோடு பெருகுகின்றன. எந்தச் சாயமும் ஏற்றாமலே ஒளிர்கின்றன. ஒளிர்சாய முறையில் வேலை செய்பவர் பச்சை, சிவப்பு இரண்டு வடிகட்டிகளையும் மாற்றிப் பார்க்க வேண்டும்: ஒரே இடத்தில் ஒரே வடிவில் இரண்டிலும் ஒளிர்ந்தால் அது லிப்போஃபுசின். 70 விழுக்காடு எத்தனாலில் கரைத்த சூடான் பிளாக் பி இதைப் பெருமளவு அடக்கிவிடும். ஒளிர்சாயத்துக்குப் பதில் நிறப்படிவை உண்டாக்கும் டி.ஏ.பி. முறையில் பழுப்பு நிறம் வரும். லிப்போஃபுசினும் இயல்பிலேயே மஞ்சள் கலந்த பழுப்பு. நிக்கல் சேர்த்து டி.ஏ.பி.யைக் கருநீலமாக்கிவிட்டால் இரண்டும் குழம்பாது. இந்தச் சிறு மாற்றத்தைச் செய்யாமல் மனித மூளை வெட்டுகளில் எண்ணுபவர், இல்லாத பெப்டைடை இருப்பதாகக் கணக்கிட வாய்ப்பு உண்டு.

எண்ணுதல்

ஒரு வெட்டில் தெரியும் செல்களை எண்ணி ஒப்பிடுவது முதுமை ஆய்வுக்குப் போதாது. செல் பருத்தால் அடுத்தடுத்த இரண்டு வெட்டுகளில் அது தெரிய வாய்ப்புக் கூடும், சுருங்கினால் குறையும். அதாவது பருமன் மாற்றமே எண்ணிக்கை மாற்றமாக வேடம் போடும். 1946-இல் அபர்குரோம்பி தந்த திருத்தச் சூத்திரம் இதை ஓரளவு சரிசெய்தது; 1991-இல் வெஸ்ட், ஸ்லோமியாங்கா, குண்டர்சன் மூவரும் விளக்கிய ஆப்டிகல் ஃபிராக்ஷனேட்டர் முறை, பருமனைப் பற்றிய எந்த ஊகமும் இல்லாமல் எண்ண வழி செய்தது. வயதோடு பருமன் மாறும் என்று தெரிந்த செல்களுக்கு இந்த முறையைத் தவிர வேறெதையும் நான் ஏற்பதில்லை.

செய்முறை இது. கரு முழுவதையும் முன்னிருந்து பின்வரை வெட்டி, முதல் மூன்று வெட்டுகளில் ஒன்றைக் குலுக்கல் முறையில் எடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு மூன்றாவது வெட்டையும் தேர்ந்தெடுங்கள். எலியில் இந்தக் கரு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளமே என்பதால் ஏழெட்டு வெட்டுகள் கிடைக்கும். குறைந்த பெரிதாக்கலில் எல்லையை வரைந்தபின், எண்ணெயில் மூழ்கும் உயர்ந்த லென்சுக்கு மாறுங்கள். திரையில் ஒரு சதுரச் சட்டம் தோன்றும். அதன் இரண்டு பக்கங்கள் பச்சை, இரண்டு பக்கங்கள் சிவப்பு. குவியத்தை வெட்டின் மேற்பரப்பில் வைத்து, மேலேயுள்ள 2 மைக்ரோமீட்டரைக் காவல் பகுதியாக விட்டுவிட்டு, மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள். மங்கலாக இருந்த ஒரு கருநீலத் திட்டு கூர்மை பெறும். அதன் நடுவில் சாயம் ஏற்காத வெளிறிய செல்கரு வட்டமாகத் தெளியும். அந்தச் செல்கருவின் விளிம்பு கூர்மையாகத் தெரியும் கணம் எண்ணும் ஆழத்துக்குள் விழுந்து, சட்டத்துக்கு உள்ளேயோ பச்சைக் கோட்டைத் தொட்டோ இருந்தால் எண்ணுங்கள். சிவப்புக் கோட்டைத் தொட்டால் விடுங்கள். இறங்கத் தொடங்கும்போதே கூர்மையாக இருந்ததையும் விடுங்கள். செல்கரு தெரியாத திட்டு எவ்வளவு கருமையாக இருந்தாலும் அதை எண்ணக் கூடாது.

கணக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு. மூன்று வெட்டுகளில் ஒன்று, பரப்பில் நான்கில் ஒரு பங்கு, 15 மைக்ரோமீட்டர் தடிமனில் 10 மைக்ரோமீட்டர் ஆழம் என்று எடுத்து 150 செல்களை எண்ணியிருந்தால், மொத்தம் 150 × 3 × 4 × 1.5, அதாவது 2,700. 40 மைக்ரோமீட்டராக வெட்டியது இங்கே 15 ஆகிவிட்டதைக் கவனியுங்கள். நீர் நீக்கும் படிகளில் வெட்டு அப்படிச் சுருங்கும். இளம், முதிய திசுக்கள் ஒரே அளவில் சுருங்கும் என்று நம்பிவிடாமல், தடிமனைச் சட்டத்துக்குச் சட்டம் அளந்து பதிவு செய்ய வேண்டும். எதிர்ப்பொருள் வெட்டின் நடுப்பகுதிவரை ஊடுருவியிருக்கிறதா என்பதையும் இதே சமயத்தில் பார்த்துவிடலாம்: எண்ணிய செல்கள் ஆழத்தின் மேல் கீழ் விளிம்புகளில் மட்டும் குவிந்து நடுவில் வெறுமையாக இருந்தால், சாயமேற்றலை மறுபடி செய்வதைத் தவிர வேறு வழியில்லை. ஸ்லைடுகளின் பெயர்களை மறைத்துக் குறியீடு இட்டு வைக்க வேறொருவரைக் கேளுங்கள். முதிய மூளையை அதன் லிப்போஃபுசினைக் கொண்டே கண்டுபிடித்துவிட முடியும் என்பதால் இந்த மறைப்பு முழுமையானதல்ல. இருந்தாலும் செய்ய வேண்டியதுதான்.

குறைந்தது தெரிந்தபின் செய்ய வேண்டிய சோதனைகள்

எண்ணிக்கை குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் சோதனை, அதே கருவின் மொத்த நரம்பணுக்களை எண்ணுவது. பலரும் நியூ-என் என்ற குறியீட்டுப் புரதத்தை நாடுவார்கள்; நாள் கடிகாரக் கருவில் அது சரியாக வராது, அந்த நரம்பணுக்களில் பெரும்பாலானவை இந்தப் புரதத்தைப் போதிய அளவில் வெளிப்படுத்துவதில்லை. பெப்டைடு எதுவானாலும் எல்லா நரம்பணுக்களிலும் ஏறும் நிஸ்ல் சாயமே இங்கே பாதுகாப்பானது. மொத்தம் குறையாமல் பெப்டைடு செல்கள் மட்டும் குறைந்திருந்தால், செல்கள் அடங்கிவிட்டன என்ற கருத்துக்கு வலு சேரும். ஆனால் ஓர் எச்சரிக்கை: பெப்டைடு செல்கள் மொத்தத்தில் சிறு பங்காக இருக்கும் இடங்களில், அவை மடிந்தாலும் மொத்த எண்ணிக்கையின் இயல்பான ஏற்ற இறக்கத்தில் அது மூழ்கிப்போகும். ஹிப்போகாம்பஸின் ஹைலஸ் பகுதியில் சொமாட்டோஸ்டாட்டின் என்ற பெப்டைடைக் கொண்ட செல்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நினைவாற்றல் குன்றிய முதிய லாங்-எவான்ஸ் எலிகளில் இவை குறைவதும், நினைவாற்றல் குன்றாத அதே வயது எலிகளில் அவ்வளவாகக் குறையாததும் 2013-இல் மிஷேலா கல்லகர் குழுவினரின் ஆய்வில் தெரியவந்தது. அங்கே மொத்தத்தை எண்ணுவதோடு, அந்தச் செல்களில் கூடவே இருக்கும், காபா என்ற அடக்கும் கடத்தியைத் தயாரிக்கும் நொதியின் தூது ஆர்.என்.ஏ.வையும் (மரபணுவின் ஆணையைச் சுமந்து செல்லும் நகலையும்) தேட வேண்டும். இரண்டாவது அடையாளம் நிலைத்திருக்க முதலாவது மட்டும் மறைந்திருந்தால் செல் உயிரோடிருக்கிறது என்று கொள்ளலாம்.

அடுத்தது, பெப்டைடின் தூது ஆர்.என்.ஏ.வை அதே இடத்தில் பார்ப்பது. பெப்டைடு குறைந்து தூது ஆர்.என்.ஏ. கூடியிருந்தால் செல் மும்முரமாகத் தயாரித்து அனுப்பிக்கொண்டிருக்கிறது. இரண்டும் குறைந்திருந்தால் தயாரிப்பே அடங்கியிருக்கிறது, அல்லது செல் இல்லை. நரம்பிழைப் போக்குவரத்தைக் கோல்சிசினால் தடுத்துப் பெப்டைடைச் செல்லின் உடலில் தேங்கவைக்கும் பழைய உத்தி ஒன்று உண்டு. அது நச்சு, விலங்குக்கு வேதனை தருவது, மரபணு வெளிப்பாட்டையே மாற்றிவிடும். முதிய விலங்குகள் அதைத் தாங்குவதும் அரிது. தூது ஆர்.என்.ஏ. முறைகள் கைக்கு எட்டும் இந்நாளில் அதைத் தவிர்த்துவிடலாம் என்பது என் கருத்து.

மூன்றாவது சோதனையே தீர்க்கமானது: இழந்ததைத் திருப்பிக் கொடுத்துப் பார்ப்பது. முதிய ஆண் எலியின் மூளையில், ஸ்ட்ரியா டெர்மினாலிஸின் படுக்கைக் கருவிலிருந்தும் அமிக்டலாவிலிருந்தும் புறப்படும் வாசோபிரசின் நரம்பிழைகள் வெகுவாக மெலிந்துபோவதை 1980-களில் கண்டார்கள். அந்தச் செல்கள் டெஸ்டோஸ்டிரோனை நம்பியே வாசோபிரசினைத் தயாரிப்பவை. வயதோடு அந்த ஹார்மோன் குறைகிறது. 1988-இல் ஹௌட்ஸ்மிட், ஃபிளியர்ஸ், ஸ்வாப் மூவரும் முதிய எலிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது அந்த நரம்பிழைகள் மீண்டும் தோன்றின. மடிந்த செல் ஹார்மோனுக்கு எழுந்து வராது. மேலே சொன்ன கூடுதல் ஒளிச் சோதனையும் இந்த வகையைச் சேர்ந்ததே. உங்கள் செல் எதை நம்பி இருக்கிறது, அது ஹார்மோனா, ஒளியா, உப்புச் செறிவா என்று கண்டறிந்து, முதிய விலங்குகளில் ஒரு குழுவுக்கு அதைக் கொடுக்கும் ஏற்பாட்டை ஆய்வின் தொடக்கத்திலேயே சேர்த்துவிட வேண்டும். 24 மாதம் கழித்து இதை நினைத்துக்கொள்வதில் பயனில்லை.

கூடுவதும் பருப்பதும்

முதுமை என்றாலே குறைவைத் தேடும் கண்ணோடு ஸ்லைடைப் பார்ப்பவர்கள், எதிர்த்திசை மாற்றங்களைத் தவறவிடுகிறார்கள். மனித மூளையில், உடலின் நீர்ச் சமநிலையைக் காக்கும் சுப்ராஆப்டிக் கருவிலும் பாராவென்ட்ரிகுலர் கருவிலும் ஆக்சிடோசின் செல்கள் வயதால் மாறுவதில்லை என்றும், வாசோபிரசின் செல்கள் 80 வயதுக்கு மேல் பருக்கின்றன என்றும் 1985-லேயே ஆம்ஸ்டர்டாம் குழு அறிவித்தது. ஒரே மூளை, ஒரே பெப்டைடு. நாள் கடிகாரக் கருவில் ஒரு போக்கு, ஒருசில மில்லிமீட்டர் தள்ளி நேர்மாறான போக்கு. ஆகையால் ஹைப்போதாலமஸ் முழுவதையும் அரைத்துப் பெப்டைடின் அளவை அளக்கும் முறை இந்தக் கேள்விக்கு உதவாது.

நயோமி ரான்ஸ் குழுவினர் 1990-லும் 1991-லும் வெளியிட்டவை இந்த வகையில் நான் மிகவும் மதிக்கும் ஆய்வுகள். மாதவிடாய் நின்ற பெண்களின் ஹைப்போதாலமஸில், பிட்யூட்டரித் தண்டுக்கு மேலுள்ள இன்ஃபண்டிபுலார் கருவில், ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைக் கொண்ட நரம்பணுக்கள் பருத்திருப்பதை முதலில் கண்டார்கள். அடுத்து, அந்தப் பருத்த செல்களில் நியூரோகைனின் பி, சப்ஸ்டன்ஸ் பி ஆகியவற்றின் தூது ஆர்.என்.ஏ. பெருகியிருப்பதைக் காட்டினார்கள். பருத்தல் நோயா, ஈடுகட்டலா என்ற கேள்விக்கு விடை, மேலே சொன்ன மூன்றாவது சோதனையின் தலைகீழ் வடிவத்தால் கிடைத்தது: சூலகத்தை நீக்கிய இளம் விலங்குகளிலேயே நியூரோகைனின் பி பெருகியது, ஈஸ்ட்ரோஜன் கொடுத்ததும் தணிந்தது. அப்படியானால் இதை இயக்குவது செல்லின் வயதல்ல. சூலகம் ஓய்ந்ததால் தடை விலகியதுதான். இதே நரம்பணுக்கள் இனப்பெருக்க ஹார்மோன்களைத் தூண்டும் கிஸ்பெப்டின் என்ற பெப்டைடையும் தயாரிக்கின்றன என்பது பின்னர் தெரிந்தது. இவற்றின் மிகை இயக்கமே மாதவிடாய் நிற்கும் காலத்துத் திடீர் உடல் வெப்பத்துக்கும் வியர்வைக்கும் காரணம் என்ற புரிதல் வளர்ந்து, நியூரோகைனின் ஏற்பியைத் தடுக்கும் ஃபெசோலினெட்டன்ட் என்ற மருந்துக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023 மே மாதத்தில் ஒப்புதல் அளிப்பதில் முடிந்தது. செல்லின் பருமனை அளந்து எழுதிய ஓர் அவதானிப்பு முப்பது ஆண்டுகளில் மருந்தாக மாறியிருக்கிறது. எனவே எண்ணும்போதே செல்லின் பரப்பையும் செல்கருவின் உட்கருவையும் அளந்து வையுங்கள். கூடுதல் வேலை அதிகமில்லை.

குறைவும் மிகை இயக்கமும் ஒரே இடத்தில் சேர்ந்தும் வரலாம். விழிப்பைக் காக்கும் ஓரெக்சின் என்ற பெப்டைடு 1998-இல் இரண்டு குழுக்களால் கண்டறியப்பட்டது. 2022-இல் ஸ்டான்ஃபோர்டில் லூயிஸ் டி லெசியாவின் குழு, முதிய சுண்டெலிகளில் ஓரெக்சின் செல்கள் குறைந்திருப்பதையும், எஞ்சியவை சிறு தூண்டலுக்கும் அதிகமாகச் சுடர்வதால் தூக்கம் துண்டு துண்டாவதையும் காட்டியது. அந்தச் செல்களின் சவ்வில் கிளர்ச்சியைத் தணிக்கும் ஒருவகைப் பொட்டாசியம் வழிகள் குறைந்திருந்தன. சாயத்தை மட்டும் எண்ணியவர், விழிப்பூட்டும் செல் குறைந்ததால் தூக்கம் கூடியிருக்கும் என்று தவறாக ஊகித்திருப்பார். முடிந்தால் மின்னியல் பதிவையோ விலங்கின் நடத்தைப் பதிவையோ எண்ணிக்கையோடு இணையுங்கள்.

மனித மூளையானால்

மனித மூளைத் திசு ஆம்ஸ்டர்டாமில் 1985-இல் தொடங்கிய நெதர்லாந்து மூளை வங்கி, பெங்களூரு நிம்ஹான்ஸின் மூளைத் திசு வங்கி போன்ற இடங்களிலிருந்தே ஆய்வாளர்களுக்குக் கிடைக்கிறது. விண்ணப்பிக்கும்போது வயது, பாலினம், நோய் ஆகியவற்றோடு நிறுத்திவிடாமல், இறந்த மணி, இறந்த மாதம், இறப்புக்கும் மூளை எடுப்புக்கும் இடைப்பட்ட நேரம், ஃபார்மலினில் கிடந்த நாட்கள், கடைசி வாரங்களில் ஸ்டீராய்டு எடுத்தாரா என்பவற்றையும் கேளுங்கள். இறந்த மணி எதற்கு என்று தோன்றலாம். 50 வயதுக்கு உட்பட்டவர்களில் பகலில் இறந்தவர்களின் நாள் கடிகாரக் கருவில் வாசோபிரசின் செல்கள் இரவில் இறந்தவர்களைவிடக் கூடுதலாக இருந்ததையும், முதியவர்களிடம் அந்தப் பகல்-இரவு வேறுபாடு மங்கிவிட்டதையும் ஹாஃப்மன், ஸ்வாப் இருவரும் 1994-இல் காட்டினார்கள். பருவகாலத்துக்கும் இதே கதைதான். கோடையில் இறந்தவர்களைவிட இலையுதிர் காலத்தில் இறந்தவர்களிடம் எண்ணிக்கை கூடுதல். ஸ்டீராய்டு மருந்துகள் பாராவென்ட்ரிகுலர் கருவில் வாசோபிரசின் தயாரிப்பை அமுக்கிவிடும்.

உயிரோடிருந்த காலத்துப் பதிவு உள்ள மூளை கிடைத்தால் அது பொக்கிஷம். சிகாகோவின் ரஷ் நினைவாற்றல்-முதுமை ஆய்வில் பங்கேற்ற 45 முதியவர்கள், வாழ்நாளில் மணிக்கட்டுக் கருவியால் தூக்கத்தை அளந்துகொண்டவர்கள். இறந்தபின் அவர்களின் மூளையில் தூக்கத்தைத் தொடங்கிவைக்கும் கருவில் கேலனின் என்ற பெப்டைடைக் கொண்ட செல்களை எண்ணி 2014-இல் வெளியிட்டார்கள். செல்கள் குறைந்தவர்களின் தூக்கம் கூடுதலாகத் துண்டுபட்டிருந்தது. ஒரு புள்ளிக்கு ஒரு மனிதர் என்ற அந்த வரைபடம், குழுச் சராசரிகளால் தர முடியாததைத் தருகிறது.

முடிவை எழுதும்போது, சாயம் ஏற்ற செல்களின் எண்ணிக்கை என்றே அட்டவணையிலும் தலைப்பிலும் எழுதி, இழப்பு, சாவு, சிதைவு போன்ற சொற்களை, மொத்த எண்ணிக்கையும் தூது ஆர்.என்.ஏ.வும் திருப்பிக்கொடுத்த சோதனையும் ஒத்துப்போகும் இடத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள். ஒவ்வொரு விலங்கின் எண்ணையும் தனிப் புள்ளியாகக் காட்டுங்கள். முதிய குழுவில் சில விலங்குகள் இளமையோடு சேர்ந்தே நிற்பது அப்போதுதான் தெரியும். எண்ணாமல் எஞ்சிய மூன்றில் இரண்டு பங்கு வெட்டுகளைத் தூக்கி எறியாமல், எத்திலீன் கிளைக்காலும் சர்க்கரையும் கலந்த பாஸ்பேட் பஃபரில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் வைத்திருந்தால், ஆண்டுகள் சென்றாலும் வேறொரு பெப்டைடுக்கு அவற்றில் சாயமேற்றலாம். 24 மாதம் வளர்த்த விலங்கின் மூளை மறுபடி எளிதில் கிடைப்பதில்லை.